ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் எல்லாம் ஒப்படைக்கப்பட்டன

எங்கள் மாநிலத்தில் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அன்று ஆளுநர் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்டாட்டியை அடிக்கிறவன் கையில் இனிமேல் துப்பாக்கி இருக்காது, நீதிமன்றம் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையையும் அவன் ஒப்படைத்தாக வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் மாவட்டக் காவல் தலைவர்களான ஷெரிஃபுகள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தபடி வரிசையாக நின்றார்கள். எங்கள் கால்டர் மாவட்டத்து ஷெரிஃப் ஹாலிஸ் டக்கெட்டும் அதில் ஒருவர். கையெழுத்துப் போட்ட பேனாக்களில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து அலுவலகச் சுவரில் மாட்டினார். சட்டத்தை என்ன செய்தார் என்பதை வெர்னா ஹாகனைக் கேட்டால் சொல்வாள். அவள் அதிகம் பேசமாட்டாள் என்பதால் நான் சொல்கிறேன்.

வெர்னாவும் நானும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள். அச்சடித்து வந்ததை அப்படியே நம்புகிற ரகம் அவள். வளைவில் மெதுவாகப் போகச் சொல்லிப் பலகை இருந்தால் மெதுவாகப் போவாள். மற்றவர்களும் போவார்கள் என்று நினைத்துக்கொள்வாள். அவள் புருஷன் டுவைட் தானியக் கிடங்கில் மேஸ்திரி. நவம்பர் வந்தால் ஷெரிஃபோடு மான் வேட்டைக்குப் போகிறவன். அவன் அவளை அடிப்பது ஊருக்கே தெரியும். கொளுத்தும் ஜூன் மாதத்தில் அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு டிப்போவுக்கு வந்தால் நாங்கள் மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. டுவைட் மேசையிலிருந்து எழுந்து போய் ரைஃபிளை எடுத்து வந்து, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவளின் தோளுக்கு ஒரு சாண் தள்ளிச் சுட்டான். குண்டு ஃப்ரிட்ஜ் கதவைத் துளைத்துப் பால் கேனில் பாய்ந்தது. தரையெல்லாம் பால். "இந்தத் தடவை பால்தான் கொட்டுச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். அவள் தரையைத் துடைத்தாள். அவன் தூங்கியதும் செருப்பைக்கூட மாட்டாமல் என் வீட்டுக்கு நடந்து வந்தாள். அன்றிலிருந்து என் பின்னறைதான் அவளுக்கு.

நீதிபதி ஸ்டாண்டிஷ் பாதுகாப்பு ஆணை கொடுத்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. டுவைட் அவள் பக்கம் வரக் கூடாது என்றார். பிறகு புதிய சட்டத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். இப்படி ஒரு சட்டத்தை அமல்படுத்தும் பேறு தனக்குக் கிடைத்தது என்றார். கடைசியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, துப்பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று டுவைட்டைக் கேட்டார்.

"இல்லீங்க, யுவர் ஆனர்" என்றான் டுவைட்.

கதவருகே நின்ற காவலர் போன வருஷம் டுவைட்டின் ரைஃபிளை இரவல் வாங்கி மான் அடித்தவர். அவர் தன் பூட்ஸைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். வெர்னா எழுந்து, வீட்டில் பத்துக்கு மேல் இருக்கிறது என்றும் ஃப்ரிட்ஜில் ஓட்டை இருக்கிறது என்றும் சொன்னாள். ஓட்டை, துப்பாக்கி அன்று இருந்ததற்குத்தான் சான்று, இன்று இருப்பதற்கு அல்ல என்று நீதிபதி விளக்கினார். உண்மையில் அவையெல்லாம் நேற்றே தம்பி வெண்டலின் பொறுப்புக்குப் போய்விட்டன என்றான் டுவைட். நீதிபதியின் முகம் மலர்ந்தது. பொறுப்பான மூன்றாம் நபரிடம் கொடுத்து வைக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வெண்டல் பொறுப்பானவரா என்று கேட்டார். பொறுப்பானவன்தான் என்று டுவைட் சத்தியம் செய்தான். வேறு யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை.

வெண்டல் குடியிருப்பது டுவைட்டின் வீட்டுக் கொல்லையில் நிற்கிற டிரெய்லர் என்கிற சக்கர வீட்டில். இரண்டு வீட்டுக்கும் ஒரே தபால் பெட்டி, ஒரே நாய்.

வெர்னாவின் பேருந்து அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். பள்ளிக்கூடத்தார் சொந்தக் காரணங்களுக்காகத் தடம் மாற்றுவதில்லை என்றார்கள். ஆணை வந்த வாரத்திலிருந்து தினமும் காலையில் பேருந்து வருகிற நேரம் பார்த்து டுவைட் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தான். மடியில் ரைஃபிள், கையில் எண்ணெய்த் துணி. சிரித்துக்கொண்டே துடைப்பான்.

அவளை ஷெரிஃபிடம் அழைத்துக்கொண்டு போனவள் நான். டக்கெட் மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நின்று, நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, சுவரில் இருந்த பேனாவையும் காட்டினார்.

"இந்தச் சட்டத்துக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கேன் தெரியுமா வெர்னா? ஆளுநர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

டுவைட் மடியில் ரைஃபிள் இருக்கிறதே என்றாள் வெர்னா. அது வெண்டலின் பொறுப்பில் இருக்கிற ரைஃபிள், டுவைட் அதைச் சுத்தம் மட்டும் செய்கிறான், சுத்தம் செய்வது வைத்திருப்பது ஆகாது என்றார் டக்கெட். அப்படியானால் நீங்கள் போய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். அவர் பொறுமையாகச் சட்டப் புத்தகத்தை எடுத்தார்.

"நல்லாப் பாரும்மா. 'ஒப்படைக்க வேண்டும்'னு இருக்கு. அது அவன் வேலை. நான் போய் வாங்கணும்னு எங்க இருக்கு? அவன் கொண்டுவந்தா கதவைத் திறந்து வாங்கிப்பேன். கொண்டுவரலைன்னா அவன்கிட்ட ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

பிறகு நிர்வாகச் சங்கடங்களைச் சொன்னார். போய் எடுக்க ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் வண்டி இல்லை. எடுத்து வந்தாலும் வைக்க இடம் இல்லை. எங்களை அழைத்துப்போய்ச் சாமான் அறையைத் திறந்தே காட்டினார். கிறிஸ்துமஸ் ஊர்வலத்துச் சாண்டாவின் வண்டியும் அட்டை மான்களும் கூரை வரை அடைந்து கிடந்தன.

"இன்னொண்ணும் சொல்றேன், மனசுல வச்சுக்குங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஆம்பளகிட்டப் போய்த் துப்பாக்கியக் குடுடான்னா அவனுக்குக் கோவம் வரும். டுவைட் கோவக்காரன். கையில துப்பாக்கி வேற இருக்கு. என் பசங்களை எப்படி நான் அங்க அனுப்புவேன்? அவங்களுக்கும் குடும்பம் இருக்கில்ல?"

"நான் அவன்கூட ஒரே வீட்டுல இருந்தேன்" என்றாள் வெர்னா.

"அது குடும்ப விஷயம்" என்றார் டக்கெட், மிகுந்த அனுதாபத்தோடு.

இலையுதிர் காலத்தில் ஷெரிஃப் அலுவலகம் ஒரு விருந்து நடத்தியது. புருஷன்மாரிடம் அடிபட்டு ஓடிவரும் பெண்கள் தங்குகிற விடுதிக்கு நிதி திரட்டத்தான். தீயணைப்பு நிலையத்தில் பெரிய அண்டாவில் பீன்ஸும் கறியும் காரமாகக் கொதித்தன, சோளரொட்டி மலைபோலக் குவிந்திருந்தது. வெர்னாவைச் சிறப்பு விருந்தினராக மேடையில் உட்காரவைத்து, கோட்டில் அடிபட்ட பெண்களுக்கு ஆதரவுச் சின்னமான ஊதா நாடா குத்திவிட்டார்கள். விருந்தின் முக்கிய அங்கம் குலுக்கல். பரிசு, தொலைநோக்கி பொருத்திய புத்தம்புது ரைஃபிள். விடுதிக்கு உதவ வேறு எதை வைத்தாலும் சீட்டு விற்காது என்று டக்கெட் முன்பே விளக்கியிருந்தார்.

பரிசு டுவைட் ஹாகனுக்கு விழுந்தது.

அவன் உள்ளே வரவில்லை. ஆணைப்படி அவளிடமிருந்து விலகி, வாகனங்கள் நிறுத்தும் இடத்தின் கடைசியில் பீர் பாட்டிலோடு நின்றிருந்தான். கூட்டம் மொத்தமும் திரும்பி டக்கெட்டைப் பார்த்தது. ஒருவேளை இப்போதாவது என்று நானும் நினைத்தேன். டக்கெட் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"நண்பர்களே, டுவைட் எனக்கு வேண்டியவன். ஆனா நீதிமன்ற ஆணை இருக்குற ஒருத்தன் கையில நான் துப்பாக்கி குடுக்க மாட்டேன். என் பொணத்தைத் தாண்டித்தான் குடுக்கணும். வெண்டல், நீ வாப்பா."

வெண்டல் தலையைக் குனிந்தபடி மேடையேறி வந்து ரைஃபிளை வாங்கிக்கொண்டான். வாசலைத் தாண்டி நேராகப் போய் டுவைட்டின் பிக்கப் வண்டியில் வைத்தான். வாசல் திறந்தே இருந்ததால் எல்லோரும் பார்த்தோம். சட்டம் என்றால் சட்டம்தான் என்றார் டக்கெட். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பக்கத்தில் இருந்த வெர்னாவைப் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைகள் என்ன செய்கின்றன என்று அவளுக்கே தெரியவில்லை.

குளிர்காலத்தில் தலைநகரிலிருந்து சட்டசபைக் குழு ஒன்று வந்தது. சட்டம் எப்படி நடக்கிறது என்று நேரில் அறிய விரும்பினார்கள். தலைவராக வந்த செனட்டர், சட்டம் இயற்றியவர்களில் ஒருவர் என்பதால், அது நன்றாக நடப்பதாக முன்கூட்டியே நம்பினார். டக்கெட் புதுச் சீருடையில் வந்து சாட்சி சொன்னார்.

"ஐயா, எங்க மாவட்டத்துல நூத்துக்கு நூறு. ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் எல்லாம் ஒப்படைக்கப்பட்டன. ஒண்ணுகூடப் பாக்கியில்ல."

எத்தனை வந்தன என்று செனட்டர் கேட்டார். ஒன்றும் வரவில்லை என்றார் டக்கெட். மக்கள் அவ்வளவு தூரம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார்கள், ஒப்படைக்க யாரிடமும் எதுவுமே இல்லை என்றார். குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். மற்ற மாவட்டங்களும் இதைப் பின்பற்றலாம் என்றார் ஒருவர்.

அடுத்து வெர்னாவின் முறை. அவள் வாயைத் திறக்குமுன் செனட்டர் அவளுடைய துணிச்சலுக்கு நன்றி சொன்னார். பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நன்றி சொன்னார்கள். ஒரு அம்மையார் அழுதுகொண்டே சொன்னார். நன்றி எல்லாம் முடிந்தபோது அவளுக்கு ஒதுக்கிய நேரம் அநேகமாகத் தீர்ந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் வெர்னா. "அவன் தரலைன்னா, யார் போய் எடுக்கணும்?"

அருமையான கேள்வி என்றார் செனட்டர். இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான் குழு ஊர் ஊராக வருகிறது என்றார். இதற்கென்றே ஒரு துணைக்குழு அமைக்கப் பரிந்துரைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் டுவைட் துணியைக் கையில் எடுக்கவில்லை. குலுக்கலில் விழுந்த ரைஃபிளைத் தோளில் ஏற்றி, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, பேருந்து வளைவில் தோன்றியதிலிருந்து மறைகிற வரை அதனோடு கூடவே திரும்பினான். பேருந்து நிறையப் பிள்ளைகள். அவர்கள் அவனுக்குக் கை காட்டினார்கள்.

வெர்னா பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டாள். பேருந்தை டிப்போவில் நிறுத்திச் சாவியை மாட்டினாள். என்னிடம் வந்து, கார் வேண்டும் என்றாள். எங்கே என்று கேட்டேன்.

"துணைக்குழுவுக்கு" என்றாள்.

அந்த நேரம் டுவைட் கிடங்கில் வேலையில் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். நான் காரை ஓட்டிப்போய் டிரெய்லர் வாசலில் நிறுத்தினேன். நான் இறங்கவில்லை. பின்னால் என்னைக் குற்றவாளியாக்காமல் சாட்சியாக வைத்ததற்கு அதுதான் காரணம். வெண்டல் படியில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து மத்தி மீன் தின்றுகொண்டிருந்தான். எதற்கு வந்திருக்கிறாள் என்று அவளைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் ஷெரிஃபுக்கு ஃபோன் பண்ணணுமே வெர்னா. இல்லேன்னா டுவைட் என்னைக் கொன்னுடுவான்."

"பண்ணு. நான் அங்கதான் போறேன். வழியில இருக்கேன்னு சொல்லு."

அவன் யோசித்தான். பிறகு நகர்ந்து அவளுக்கு வழிவிட்டான். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வையில் சுற்றிக் கார் பின்னால் அடுக்கினாள். டுவைட்டின் வீட்டு முன்னறையில் இருந்தவற்றையும் எடுக்கப் போனாள். சாவி அவளிடம் இன்னும் இருந்தது. குலுக்கல் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வெண்டல் படியிலிருந்தே குரல் கொடுத்தான். "அதுல தோட்டா போட்டிருக்கு. பாத்து." எழுந்து வந்து தோட்டாவை எடுத்துவிட்டுக் கொடுத்தான். அதன் பிறகுதான் ஃபோன் பண்ணினான்.

ஷெரிஃப் அலுவலக வாசலில் நாங்கள் நின்றபோது, ஆள் இல்லாத அந்த அலுவலகத்திலிருந்து ஆறேழு காவலர்கள் கவச உடையோடு ஓடிவந்தார்கள். வண்டி இல்லாத அந்த அலுவலகத்தின் மூன்று வண்டிகள் எங்கள் காரைச் சுற்றி வளைத்தன. வெர்னா கைகளைத் தூக்கிக்கொண்டு, ஒப்படைக்க வந்திருப்பதாகச் சொன்னாள். கொண்டுவந்தால் கதவைத் திறந்து வாங்கிக்கொள்வேன் என்று டக்கெட் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனிப் பை, தனிச் சீட்டு, கையுறை போட்ட இரண்டு பேர். சாமான் அறைக்குள்ளிருந்து சாண்டாவின் வண்டியையும் மான்களையும் வெளியே தள்ளிப் புல்தரையில் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் பூட்டப்பட்டது.

வெர்னா மேல் திருட்டு, அத்துமீறி நுழைதல் என்று வழக்குப் போட்டார்கள். மறுநாளே நீதிபதி ஸ்டாண்டிஷ் முன் நிறுத்தினார்கள். ஜாமீன் கொடுத்தார். வழக்கு முடியும்வரை அவள் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். நாங்கள் வீடு வந்து சேர்வதற்கு முன்னாலேயே காவலர்கள் வாசலில் நின்றார்கள். அவள் தங்கியிருக்கிற வீடு என்பதால் மூலை முடுக்கெல்லாம் சோதித்தார்கள். மெத்தையைப் புரட்டினார்கள், மாவு டப்பாவைக் கவிழ்த்தார்கள். செத்துப்போன என் வீட்டுக்காரர் அணில் சுடுவதற்கு வைத்திருந்த பழைய துப்பாக்கியையும் கொண்டுபோனார்கள். சட்டம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்றுதான் நான் பார்த்தேன்.

டக்கெட் நிருபர்களைக் கூப்பிட்டார். நீண்ட மேசையில் துப்பாக்கிகளைப் பரப்பி அதன் பின்னால் நின்றார். குடும்பத் தகராறு ஒன்றில் மாவட்ட வரலாற்றிலேயே மிகப் பெரிய பறிமுதல் என்றார். அதில் பொய் இல்லை. படம் தலைநகர் வரை போனது. ஆளுநர் கூப்பிட்டுப் பாராட்டினார். புதிய சட்டத்தின் முதலாண்டு வெற்றியைப் பற்றி அவர் பேசிய உரையில் எங்கள் மாவட்டம் தனியாக இடம்பெற்றது. யாரிடமிருந்து பறித்தார்கள் என்பது உரையில் இல்லை.

இதற்கு மேல்தான் டக்கெட்டுக்குச் சிக்கல் வந்தது. டுவைட் தினமும் வந்து சாமானைத் திருப்பிக் கொடு என்று மேசையைக் குத்தினான். ஆனால் அவை வழக்கின் சான்றுப் பொருள்கள். வழக்கு முடிந்தால்தான் பொறுப்பான மூன்றாம் நபரிடம் திரும்பப் போக முடியும். வழக்கைத் தானே கைவிடலாமென்றால் ஆளுநர் மெச்சிய பறிமுதலைக் கைவிட்டதாகிவிடும். ஷெரிஃப் பதவிக்குத் தேர்தல் வேறு வருகிறது. ஆகவே அரசு வழக்கறிஞர் வெர்னாவைத் தேடி வந்தார். அத்துமீறல் என்று மட்டும் ஒப்புக்கொண்டால் போதும், சிறை கிடையாது, வேலை போகாது, ஒரு கையெழுத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்.

அவள் முடியாது என்றாள். ஜூரி வைத்து முழு விசாரணை வேண்டும் என்றாள். அவளுக்கு அரசு கொடுத்த வழக்கறிஞர் பதறிப்போனார். தோற்றால் சிறைக்குப் போக வேண்டிவரும் என்று எச்சரித்தார். தோற்க எத்தனை காலம் ஆகும் என்று வெர்னா விசாரித்தாள். எங்கள் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் ஆகலாம் என்றார் அவர். அன்றைக்கு அவள் நல்ல பசியோடு சாப்பிட்டாள்.

ஒரு நாள் வெண்டல் என் வீட்டுக் கதவைத் தட்டினான். உதடு கிழிந்திருந்தது. டுவைட் அனுப்பித்தான் வந்திருந்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லச் சொன்னானாம். சொல்லி முடித்துவிட்டு அவன் போகவில்லை, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"கைதான் நீளுது அவனுக்கு. இப்ப அது மட்டும்தான் இருக்கு. ரெண்டு மாசமா நான் கதவைப் பூட்டிக்கிட்டு நிம்மதியாத் தூங்குறேன்" என்றான். "கேஸை முடிச்சுடாத வெர்னா."

அவள் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் மாதத்தில் டுவைட் மேல் இருந்த பாதுகாப்பு ஆணையின் காலம் முடிந்தது. நீட்டிக்கச் சொல்லி மனுப் போட்டோம். துப்பாக்கிகள் ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நீதிபதி ஸ்டாண்டிஷ் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆக, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற நீதிமன்ற ஆணை எங்கள் மாவட்டத்தில் இன்று ஒரே ஒருவர் மேல்தான் இருக்கிறது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.

போன வாரமும் வழக்கு வந்தது. ஒத்திவைப்பு எத்தனையாவது என்று எனக்கு நினைவில்லை. டுவைட் பின்வரிசையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நீதிபதி அலுத்துப்போயிருந்தார். விசாரணைக்குத் தயாரா என்று கேட்டார். வெர்னாவின் வழக்கறிஞர் அவளைப் பார்த்தார்.

"இன்னும் இல்லீங்க, யுவர் ஆனர்" என்றாள் வெர்னா. "நான் நிரபராதிங்கிறதை நிதானமா நிரூபிக்கணும்."

அவர் நாட்காட்டியைப் புரட்டி அறுவடைக்குப் பிந்திய ஒரு தேதியைச் சொன்னார். நவம்பர் மான் வேட்டை முடிகிற வரை தள்ளிவைக்க முடியுமா என்று அவள் பணிவாகக் கேட்டாள். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். டிசம்பர் என்று எழுதிக்கொண்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். டுவைட் எழுந்து, நாற்காலியைக் காலால் தள்ளி, கதவை அறைந்துகொண்டு வெளியே போனான். வெறுங்கையோடு.